வளவில் நிற்கும் நாயும் நம் பிள்ளைகளின் பாதுகாப்பும்

கொட்டில்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்துவிட்டுச் சொந்த இடத்துக்குத் திரும்பும் குடும்பங்கள் முதல் வாரத்தில் எங்களிடம் கேட்பவை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கிணறு எப்போது இறைத்துத் தருவீர்கள், மலசலகூடத்துக்குக் கதவு எப்போது வரும், மின்சாரம் எப்போது, பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது? நாய்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய ஒன்று அது என்பதை நானும் ஒரு சம்பவத்துக்குப் பிறகுதான் உணர்ந்தேன்.

கல்முனைக் கரையோரத்தில் ஒரு வீட்டுத் திட்டம். குடும்பங்கள் வந்து ஒரு மாதம் இருக்கும். அங்கே இரண்டு நாய்கள் திரிந்தன. ஒன்று உடம்பில் மயிரே இல்லாமல், தோல் வெடித்து, சீழ் வடிந்து பார்க்கவே பயமாக இருக்கும் பெரிய நாய். அதை விசர் நாய் என்று சொல்லிப் பிள்ளைகள் கல்லெறிந்து துரத்துவார்கள். மற்றது ஒரு மண்ணிறக் குட்டி. ஒரு வீட்டின் எட்டு வயதுப் பையன் அதற்குச் சிரட்டையில் சோறு வைப்பான். ஒருநாள் அந்தக் குட்டி சோறு தின்னாமல் மூலையில் படுத்துக் கிடந்தது. பையன் தொட்டபோது கையைக் கவ்வியது. இரண்டு நாளில் அதன் வாயிலிருந்து எச்சில் ஒழுகியது, பின்னங்கால் இழுத்தது. அடுத்த நாள் செத்துவிட்டது. வீட்டார் அதை வளவிலேயே புதைத்துவிட்டார்கள்.

வேறு வேலையாகப் போன நான் பையனின் கையிலிருந்த கீறலைக் கண்டு கேட்டேன். "சின்னக் கீறல்தானே மிஸ், மஞ்சள் பூசி விட்டிருக்கன்" என்றார் உம்மா. அன்றே வைத்தியசாலைக்குப் போனோம். குட்டியைப் புதைத்துவிட்டதால் அதற்கு விசர் இருந்ததா என்று பரிசோதிக்க வழியில்லை. இருந்தது என்றே வைத்துக்கொண்டு வைத்தியர் சிகிச்சையைத் தொடங்கினார். பையன் எல்லா ஊசியையும் போட்டு முடித்தான், இன்று நலமாகப் பாடசாலை போகிறான். எல்லோரும் பயந்த அந்தப் பெரிய நாய்க்கு இருந்தது வெறும் சொறி நோய். மிருக வைத்தியர் மருந்து கொடுத்த பின் அதற்கு மயிர் முளைத்துவிட்டது.

பயப்பட வேண்டியது எது, பயப்படத் தேவையில்லாதது எது என்று பிரித்தறியத் தெரியாததால் ஒரு பிள்ளையின் உயிர் போயிருக்கும். அதைத் தெரிந்துகொள்வதற்காகவே இந்தப் பக்கங்கள்.

நாங்கள் நாய் வளர்ப்பதில்லையே?

எங்கள் ஊர்களில் பல வீடுகளில் இப்படித்தான் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் நாய் வளர்க்காத வீட்டுப் பிள்ளையையும் நாய் கடிக்கும். மீன் இறங்கும் கரை, சந்தை, இறைச்சிக் கடை, குப்பை மேடு, பாடசாலை மதில் ஓரம் ஆகிய இடங்களிலெல்லாம் நாய்கள் இருக்கின்றன. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் வீட்டுக்காவலுக்கு வளர்க்கும் நாய்கள் உண்டு. வயலுக்கும் மாட்டுப் பட்டிக்கும் காவலாக வைத்திருப்போர் எல்லாச் சமூகத்திலும் உண்டு. நாய்க்கு ஊர் எல்லையும் தெரியாது, வட்டார எல்லையும் தெரியாது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நிலைமை இன்னும் மாறியது. ஆட்கள் போன பின்னும் நாய்கள் இடிந்த வளவுகளில் தங்கிவிட்டன. அங்கேயே குட்டி போட்டன. அந்தக் குட்டிகளுக்குத் தடுப்பூசி போட ஆள் இல்லை, உரிமை சொல்ல வீடு இல்லை. நீங்கள் திரும்பி வரும் வளவில் பற்றைக்குள் நிற்கும் நாய் அப்படிப்பட்ட ஒன்றாக இருக்கலாம். புதிய வீட்டுத் திட்டங்களில் வீடுகள் நெருக்கமாக இருப்பதால் ஒரு நாயின் நோய் பல வீட்டு வாசலுக்கும் வரும்.

ஆகவே நாய் வைத்திருப்பவரும் வாசியுங்கள், வைத்திராதவரும் வாசியுங்கள்.

விசர் நோய்: தெரிந்துகொள்ள வேண்டிய முதல் நோய்

விசர்நாய் நோய், நீர்வெறுப்பு நோய், ரேபிஸ் மூன்றும் ஒன்றுதான். இது ஒரு வைரசினால் வருகிறது. நோயுற்ற மிருகத்தின் எச்சிலில் அந்தக் கிருமி இருக்கும். கடி, நகக் கீறல், அல்லது ஏற்கனவே உள்ள புண்ணை நக்குதல் மூலம் அது உடம்புக்குள் போகும். அங்கிருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளையை நோக்கி நகரும். இந்தப் பயணத்துக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை எடுக்கும். சிலருக்குச் சில நாட்களிலும், சிலருக்கு ஒரு வருடத்துக்குப் பிறகும் நோய் வெளிப்பட்டதுண்டு. மூளையை அடைந்து அறிகுறி தொடங்கிவிட்டால் பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. அதற்கு முன் ஊசி போட்டால் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றலாம். முழு விடயமும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அதன் பின் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும், கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி போடுவதும் நாடு முழுவதும் நடந்ததால் அந்தத் தொகை நூறுக்கும் கீழே இறங்கியது. இன்னும் இறப்பவர்களில் பெரும்பாலானோர் கடிபட்ட பின் வைத்தியசாலைக்கே போகாதவர்கள், அல்லது பிந்திப் போனவர்கள்.

நாயில் விசரை எப்படி அறிவது?

முதல் அடையாளம் குணமாற்றம். சாதுவான நாய் காரணமில்லாமல் கடிக்கும். கிட்டவே வராத நாய் வந்து உரசும். இருட்டில் போய் ஒளியும். சாப்பிடாது, அல்லது மண், தடி, துணி என்று தின்னக்கூடாததைத் தின்னும். அதன் பின் நோய் இரண்டு விதமாகப் போகலாம்.

ஒன்று வெறிகொண்ட விசர். நாய் இலக்கில்லாமல் ஓடும், எதிர்ப்படுவதையெல்லாம் கடிக்கும், குரைக்கும் குரல் மாறி ஊளை போலக் கேட்கும்.

மற்றது ஊமை விசர். இதுதான் எங்களை ஏமாற்றுவது. நாய் யாரையும் துரத்தாது. கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாமல் தவிக்கும், கால்கள் தள்ளாடும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கை விட்டவர்கள் உண்டு. எச்சில் ஒழுகும் நாயின் வாயில் ஒருபோதும் கை வைக்காதீர்கள்.

"அது தண்ணீர் குடிக்கிறது, அப்ப விசர் இல்லை" என்று சொல்வார்கள். இது பிழை. தண்ணீரைக் கண்டு பயப்படுவது மனிதரில் தெரியும் அறிகுறி. விசர் பிடித்த நாய் தண்ணீர் குடிக்க முயலும்.

அறிகுறி தெரிந்த நாய் பெரும்பாலும் 10 நாட்களுக்குள் இறந்துவிடும். நாய் மட்டுமல்ல, பூனை, கீரி, நரி, மாடு, ஆடு ஆகியவற்றுக்கும் இந்த நோய் வரும். பூனைக் கடியையும் நாய்க் கடியைப் போலவே கவனியுங்கள்.

கடித்தால், கீறினால், புண்ணில் நக்கினால்

1. உடனே கழுவுங்கள். ஓடும் தண்ணீரில், சவர்க்காரம் போட்டு, 15 நிமிடம். குழாய் இல்லாவிட்டால் ஒருவர் வாளியால் ஊற்ற மற்றவர் கழுவலாம். சன்லைட் போன்ற உடுப்புக் கழுவும் சவர்க்காரம் போதும். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். இந்த ஒரு வேலை மட்டுமே பெருமளவு கிருமியை வெளியேற்றிவிடும்.

2. எதையும் பூசாதீர்கள். மஞ்சள், கோப்பித் தூள், சுண்ணாம்பு, மிளகாய், புகையிலை, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

3. அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். தவறவிட்டு நாட்கள் கடந்திருந்தாலும் போங்கள், காலம் கடந்துவிட்டது என்று வீட்டில் இருக்க வேண்டாம். கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என எந்த அரச வைத்தியசாலை கிட்டவோ அங்கே செல்லுங்கள். அங்கே ஊசி இல்லாவிட்டால் எங்கே போக வேண்டும் என்று அவர்களே கடிதம் தந்து அனுப்புவார்கள்.

4. எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். வயிற்றைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள். அது பழைய கதை. இப்போது கையில்தான் போடுவார்கள். முகம், தலை, கழுத்து, விரல்கள் போன்ற இடங்களில் ஆழமாகக் கடிபட்டிருந்தால் காயத்தைச் சுற்றியும் மருந்து ஏற்றுவார்கள். ஏற்புவலித் தடுப்பூசியும் தேவையா என்று வைத்தியர் பார்ப்பார். அட்டையில் எழுதிய திகதிகளைத் தவறவிடாதீர்கள். கர்ப்பிணித் தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் இந்த ஊசியைப் போடலாம்.

5. நாயைக் கொல்லாதீர்கள். கடித்த நாய் தெரிந்த நாய் என்றால் அதை 14 நாட்கள் கட்டி வைத்தோ அடைத்தோ கவனிக்க வேண்டும். அந்த நாட்களில் அது நலமாக இருந்தால் கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் விசர்க் கிருமி இருக்கவில்லை என்று பொருள். ஊசியைத் தொடங்குவதா, நிறுத்துவதா என்று வைத்தியரே சொல்வார். நாய் ஓடிவிட்டாலோ செத்துவிட்டாலோ அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

6. செத்த நாயை உடனே புதைக்காதீர்கள். முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, அதாவது பீ.எச்.ஐ.க்குச் சொல்லுங்கள். நாயின் தலையைக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பி விசர் இருந்ததா என்று பரிசோதிக்க முடியும். அந்த முடிவு கடிபட்டவருக்கு மட்டுமல்ல, முழு வட்டாரத்துக்கும் எச்சரிக்கை. வெறுங்கையால் உடலைத் தொடாதீர்கள்.

மார்க்கச் சுத்தம் பற்றி ஒரு வார்த்தை. நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவுவது ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் எங்கள் ஊர்களின் வழமை. உடுப்பிலும் பாத்திரத்திலும் எச்சில் பட்டால் அவ்வாறு செய்வதில் பிரச்சினை இல்லை. ஆனால் திறந்த காயத்தில் மண் பட்டால் ஏற்புவலி வரலாம். காயத்தைச் சவர்க்காரத்தால் கழுவி வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். காயத்தைச் சுத்தப்படுத்துவது பற்றிய மார்க்க விளக்கத்தைப் பின்னர் உங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்கலாம். நோன்பு காலத்தில் ஊசி போடுவது பற்றிச் சந்தேகம் இருந்தாலும் அவரிடமே கேளுங்கள், ஊசித் திகதியைத் தள்ளிப் போடாதீர்கள். உம்மா ஏசுவார், குளிக்கச் சொல்வார் என்று பயந்து நாய் கீறியதை மறைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஏசாமல் கேளுங்கள்.

மற்ற நோய்கள்: அடையாளமும் செய்ய வேண்டியதும்

இவற்றில் பெரும்பாலானவை குணப்படுத்தக்கூடியவை. சில மனிதருக்கும் தொற்றக்கூடியவை.

சொறி

காது ஓரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் மயிர் கொட்டி, தோல் தடித்து, நாய் ஓயாமல் சொறிந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் தோலைத் துளைப்பதே காரணம். நாயோடு நெருங்கிப் பழகுவோருக்கும் சில நாட்கள் கடி, சிவப்புப் பொட்டுகள் வரலாம். மிருக வைத்தியர் தரும் ஊசியாலோ மருந்தாலோ சில வாரங்களில் குணமாகும். பழைய எஞ்சின் எண்ணெய், மண்ணெண்ணெய், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஆகியவற்றைத் தடவும் பழக்கம் பல இடங்களில் உண்டு. நாய் தன் உடம்பை நக்கும். அந்த நஞ்சு வயிற்றுக்குள் போய் சொறியால் சாகாத நாய் மருந்தால் சாகும். தடவிய கையோடு பிள்ளையைத் தூக்கினால் பிள்ளைக்கும் ஆபத்து.

உண்ணியும் தெள்ளும்

உண்ணி பெரும்பாலும் காதுக்குள், கழுத்தில், விரல் இடுக்கில் இருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் உண்ணி முட்டையிடுவது நாயின் மேல் அல்ல, சுவர் வெடிப்புகளில். இன்னும் பூசி முடிக்காத கல் சுவர்களோடு குடிவந்திருக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். நாய் படுக்கும் மூலையைக் கூட்டி, கொதிநீர் ஊற்றி, வெடிப்புகளைச் சீமெந்தால் அடையுங்கள். உண்ணியைக் கையால் நசுக்க வேண்டாம். சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து, சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். உண்ணி நிறைந்த நாய் சோர்ந்து, முரசு வெளிறி, காய்ச்சலோடு, சிறுநீர் கறுத்துப் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இதற்கு வீட்டு மருந்து இல்லை, மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

குடற்புழு

குட்டியின் வயிறு மட்டும் ஊதி, உடம்பு மெலிந்து, மயிர் மங்கி, மலத்தில் நூல் போலவோ அரிசி போலவோ புழு தெரிந்தால் புழுமருந்து தேவை. குட்டிகளுக்கு இரண்டு வார வயதில் தொடங்கி மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பின்னர் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் கொடுப்பது வழக்கம். அளவு நிறையைப் பொறுத்தது, கேட்டுக் கொடுங்கள்.

இது எங்கள் கரையோரத்துக்கு முக்கியமான விடயம். நாயின் மலத்தில் வரும் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈர மணலில் உயிரோடு இருக்கும். வெறுங்காலோடு மணலில் விளையாடும் பிள்ளையின் தோலுக்குள் புகுந்து, பாம்பு ஊர்ந்தது போல் சிவந்த கோடாகத் தெரியும், கடுமையாகக் கடிக்கும். வட்டப்புழுவின் முட்டை மண்ணோடு வாய்க்குள் போனால் சில வேளை கண்ணையும் பாதிக்கும். முற்றத்து நாய் மலத்தைத் தினமும் அள்ளிப் புதையுங்கள். வீடு கட்டக் குவித்த மணலைத் தறப்பாளால் மூடி வையுங்கள். பிள்ளைகளுக்குச் செருப்பு, சாப்பிடுமுன் கைகழுவல் இரண்டும் போதிய காவல்.

குட்டிகளின் இரத்த வயிற்றோட்டம்

பார்வோ என்ற வைரஸ் நோயில் குட்டி சாப்பிடாது, வாந்தி எடுக்கும், நாற்றத்தோடு இரத்தமாகப் போகும். ஓரிரு நாளில் இறக்கக்கூடும். உடம்பின் நீர் வற்றுவதே உயிரைக் குடிக்கிறது. பிள்ளைகளுக்குக் கரைக்கும் ஜீவனியைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தபடி மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். வாந்தி நிற்காவிட்டால் வாயில் ஊற்ற வேண்டாம். கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும், ஆகவே அந்த மூலையில் உடனே இன்னொரு குட்டியை வைக்காதீர்கள். இந்த நோய் மனிதருக்கு வராது.

கண் பீளை, மூக்குச் சளி, வலிப்பு

டிஸ்டெம்பர் என்ற நோய் முதலில் தடிமன் போலத் தொடங்கும். பின்னர் கால் துடிப்பு, வலிப்பு வரும். வலிப்பும் எச்சிலும் வந்த நிலையில் விசரா டிஸ்டெம்பரா என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. மிருக வைத்தியர் பார்க்கும் வரை விசர் என்றே நினைத்து விலகி இருங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு.

புழு வைத்த புண்

சண்டையில் அல்லது வாகனத்தில் அடிபட்ட காயத்தில் ஈ முட்டையிட்டு, ஓரிரு நாளில் புழு நெளியும். நாய் வலியில் கடிக்கும், ஆகவே முதலில் வாயைத் துணியால் கட்டுங்கள். கையுறை அல்லது பொலித்தீன் பை போட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரால் கழுவி, தெரியும் புழுக்களைச் சாவணத்தால் எடுக்கலாம். உள்ளே ஆழமாகப் போயிருந்தால் மிருக வைத்தியர்தான் எடுக்க வேண்டும்.

எலிக்காய்ச்சல்

இடிபாடும் குப்பையும் உள்ள இடத்தில் எலி பெருகும். எலியின் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயின் சிறுநீராலும் பரவும். கண் மஞ்சளாகி, காய்ச்சலோடு நாய் சோர்ந்தால் கவனியுங்கள். வளவு துப்புரவாக்கும்போது காலில் பூட்ஸ் போடுங்கள், காயம் இருந்தால் மூடுங்கள். தேங்கிய தண்ணீரில் வேலை செய்த பின் உங்களுக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள்.

ஒரு பொது எச்சரிக்கை: மனிதருக்கான மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள். பனடோல் பூனையைக் கொல்லும், நாய்க்கும் கேடு. புருபன் போன்ற வலி மாத்திரைகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வராமல் தடுப்பது

தடுப்பூசி. நாய்க்கு விசர்த் தடுப்பூசி போடுவதே எங்கள் பிள்ளைகளுக்கான முதல் வேலி. வருடத்துக்கு ஒரு முறை போட வேண்டும். சிறிய குட்டி என்று விட்டுவிடாதீர்கள். முதல் ஊசி எப்போது, அடுத்தது எப்போது என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். ஒரு ஊரில் நூறு நாய்களில் எழுபதுக்காவது ஊசி போட்டிருந்தால் விசர் அந்த ஊரில் பரவ இடமில்லாமல் நின்றுவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தடுப்பூசி முகாம் அறிவிப்பு வந்தால், உங்கள் வீட்டில் நாய் இல்லாவிட்டாலும் உங்கள் ஒழுங்கையில் சோறு தின்னும் நாயைப் பிடித்துக் கொடுக்க உதவுங்கள். அது உங்கள் நாயல்ல, ஆனால் அது கடிக்கப்போவது உங்கள் பிள்ளையையாக இருக்கலாம்.

கழிவு. தீனி இருக்கும் இடத்தில் நாய் கூடும். மீன் குடல், கோழிக் கழிவு ஆகியவற்றை ஒழுங்கை முனையில் கொட்டாதீர்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் கழிவுகளை நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்து மேலே பாரமான கல் வையுங்கள். எங்கள் பக்கம் மணல் நிலம், நிலத்தடி நீர் மேலே நிற்கும். ஆகவே கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் புதையுங்கள். பச்சைக் குடலும் ஈரலும் தின்னும் நாய்க்கு நாடாப்புழு வரும். அது பிறகு மனிதரிடமும் வரலாம்.

குட்டிகள். பெட்டை நாய் வருடத்தில் இரண்டு முறை குட்டி போடலாம். வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டி அடுத்த ஊரில் விடுவதால் அந்த ஊருக்குத்தான் பிரச்சினை போகிறது, அங்கிருந்து நமக்கும் ஒரு சாக்கு வரும். கருத்தடைச் சத்திரசிகிச்சை எங்கே எப்போது நடக்கிறது என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

நஞ்சு வேண்டாம். நஞ்சு வைத்த இறைச்சியை நாய் மட்டுமா தின்னும்? கோழி, பூனை, ஆடு, சில வேளை தவழும் பிள்ளையும் அதைத் தொடும். அதோடு, ஊசி போட்ட நாய்கள் செத்துப்போனால் அந்த இடத்துக்கு ஊசி போடாத புதிய நாய்கள் வரும். 2006ஆம் ஆண்டு முதல் அரசாங்கமும் தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தி, தடுப்பூசியையும் கருத்தடையையும் வழியாக எடுத்திருக்கிறது. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்த ஹதீஸை எங்கள் பிள்ளைகள் மத்ரசாவில் படிக்கிறார்கள். கல்லெறிவதை நிறுத்தச் சொல்ல அதைவிட நல்ல பாடம் தேவையில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்

தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டியோடு இருக்கும் நாய் மூன்றுக்கும் கிட்டப் போகாதே. நாய் வந்தால் ஓடாதே. ஓடினால் அது துரத்தும். மரம் போல் அசையாமல் நில், கையை உடம்போடு வை, அதன் கண்ணை உற்றுப் பார்க்காதே. விழுந்துவிட்டால் குப்புறச் சுருண்டு, காதையும் கழுத்தையும் கையால் மூடு. நாய் கடித்தாலும் கீறினாலும் அன்றே வீட்டில் சொல். எவரும் ஏசமாட்டார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள்தான் உண்மையாக்க வேண்டும்.

யாரிடம் போவது?

மனிதரைக் கடித்தால்: அரச வைத்தியசாலை. இலவசம்.

விசர்ச் சந்தேகம், செத்த நாய், தடுப்பூசி முகாம், கருத்தடை: பீ.எச்.ஐ. அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை.

நாயின் மற்ற நோய்கள்: அரச மிருக வைத்திய அலுவலகம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் போகும் அதே இடம்.

குப்பை, இறைச்சிக் கழிவு: உங்கள் மாநகர சபை அல்லது பிரதேச சபை.

யார் எங்கே என்று தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இந்தக் கைநூலின் கடைசிப் பக்கத்தில் இவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுத இடம் விட்டிருக்கிறோம். வந்த முதல் வாரத்திலேயே கேட்டு எழுதி, கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.

அந்தப் பையனின் உம்மா இப்போது தன் வீட்டுக் கதவில் இன்னும் ஒன்றை எழுதி ஒட்டியிருக்கிறார். கரித் துண்டால், பெரிய எழுத்தில் மூன்றே வரி: "கழுவு. பூசாதே. இன்றைக்கே போ." இந்தப் பக்கங்களில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த மூன்று வரி நின்றால் போதும்.